சொல்லியிருந்தால் வந்திருப்பாள்

ஜூலை 7, திங்கள்
வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். இங்கிலீஷ் வகுப்புப் படிவத்தில் படிப்பு என்ற இடத்தில் பத்தாவது என்று போட்டுவிட்டேன். படித்தது ஐந்தாவது. பாதி உண்மைதானே. டீச்சர் வைஷாலிக்கு என் மகள் தீப்தி வயது. மராத்திப் பெண், என்னைக் 'காக்கு' என்கிறாள். சித்தி முறை வந்துவிட்டதால் எனக்கு வீட்டுப்பாடம் கிடையாது என்றேன். வகுப்பே சிரித்தது.

ஜூலை 14
மழை. கோர்படி ரயில்வே கேட்டில் நின்று வகுப்புக்கு லேட். ரயில்வேயில் முப்பது வருஷம் இருந்தார் என் வீட்டுக்காரர், எனக்காக ஒரு ரயிலை நிறுத்தியதில்லை.

ஜூலை 21
இன்று 'இஃப்' வாக்கியம். இனிமேல் நடக்கக்கூடியதற்கு ஒரு விதம், நடக்காமலே முடிந்துபோனதற்கு வேறு விதமாம். முடிந்துபோனதற்கு ஆளுக்கொன்று சொல்லச் சொன்னாள். பானு பஸ்ஸைத் தவறவிட்டதைச் சொன்னாள். நான் யோசிக்கவே இல்லை. "இஃப் ஐ ஹேட் டோல்ட் ஹர், ஷீ வுட் ஹேவ் கம்." ஒரு தப்பும் இல்லையாம். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அது என் வாக்கியம் இல்லை, தீப்தியுடையது. மார்ச்சில் அப்பாவின் காரியம் முடிந்து வாகட்டில் இருக்கும் தன் வீட்டுக்குத் திரும்பியவள், "நீ சொல்லியிருந்தால் வந்திருப்பேன்" என்று போனில் இங்கிலீஷில் அனுப்பினாள். அவளுக்குத் தமிழ் எழுத வராது. எனக்கு இங்கிலீஷ் வராது. எதிர்வீட்டு சஹானாதான் படித்துச் சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு தீப்தி என் போனை எடுப்பதில்லை.

ஜூலை 22
அவர் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். அவள் ஆபீஸ் வேலையாக லண்டனில். தூரத்தில் இருக்கிறவர்களிடம் கெட்ட சேதி சொல்லக் கூடாது, எங்கள் வீட்டு வழக்கம். "அப்பா தூங்குறாங்கடி" — தினமும் அதையே சொன்னேன். ஒன்பது நாளா ஒரு மனுஷன் தூங்குவாரா? அம்மா பொய் சொல்ல மாட்டாள்னு நம்பினாளே...

ஜூலை 28
நடக்கக்கூடிய விதத்தில் ஒன்று எழுதி, வைஷாலியிடம் காட்டி, நானே போனில் தட்டித் தீப்திக்கு அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை நீ வந்தால் சாம்பார் வைப்பேன். அவ்வளவுதான். பதில் இல்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு
பன்னிரண்டு மணிக்குத் தீப்தி வந்தாள். அவர் நாற்காலியைப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"அப்பா என்னைக் கேட்டாங்களா?"

"தினமும் கேட்டாங்க. நீ வேலையா இருக்கன்னு சொன்னேன்."

அப்புறம் தட்டை நீட்டினாள். சாம்பார் இரண்டு தடவை போட்டுக்கொண்டாள். எப்படி இருக்கிறது என்றேன்.

"நல்லா இருக்கும்மா."

அவள் போன பிறகு நான் சாப்பிட்டேன். சாம்பாரில் உப்பே போடவில்லை.