அக்கா பயந்த வெடிச் சத்தம்

ஆடி கடைசி வெள்ளி

காலையிலேயே வெயில். இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு வேன் வேனாகக் கூட்டம். பட்டாசுக் கம்பெனி லீவு. கொடியில் கிடந்த என் வேட்டியை ஆடு மென்றுவிட்டது. அதைத் துரத்தும் நேரம் பார்த்து சாத்தூரிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா வந்தார். அக்கா மகள் முத்துச்செல்வியைப் பிடித்திருக்கிறதாம். ஒரே ஒரு சந்தேகம்.

"அண்ணாச்சி, பொண்ணோட அம்மா தனியாப் பேசிக்கிட்டே இருக்காகளே, என்ன செய்யுது?"

"கம்பெனி வெடிச்ச அன்னைக்குப் பக்கத்து ஷெட்டுல இருந்துச்சு. சத்தத்துல பயந்தது."

"அம்புட்டுதானா? வம்சத்துல உள்ளதோன்னுல்ல நெனச்சேன்."

இரண்டாவது டம்ளர் காபியும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

சனி

காற்று. தூசி.

வெடித்தது நிஜம். ஆனால் அதற்கு ஒரு வருடம் முன்பே அக்கா சுவரோடு பேசினாள். அப்பாவும் அப்படித்தான். சாத்தூர் ஸ்டேஷனில் ரயிலைத் திட்டிக்கொண்டு நின்றவரை நான்தான் கூட்டிவந்தேன். வழியில் சேவு வாங்கிக் கொடுத்தேன். எண்ணெய்க் காகிதத்தைக்கூட விடாமல் நக்கினார்.

கல்யாணமான புதிதில் மச்சான் வீட்டில் அக்காவைத் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். அப்போது வெடியைக் காரணம் சொன்னவன் நான். ஊரே நம்பியது. சொல்லிச் சொல்லி நானும். அதற்குப் பிறகு பிறந்தவள்தான் முத்துச்செல்வி. மச்சான் செத்தபின் இரண்டு பேரும் எங்களோடு.

திங்கள்

முத்துச்செல்வி வேலைக்குப் போகவில்லை. தூக்கம் இல்லை. சோறு அப்படியே.

"மாமா, கம்பெனியில லேபிள் ஒட்டுறப்பல்லாம் என்னையவே ஏசுறாக."

"யாரு தாயி?"

"செவுத்துக்கு அந்தப் பக்கம்."

அந்தப் பக்கம் வெறும் கருவேலங்காடு.

அக்கா எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "ஒனக்கும் கேக்குதாட்டி?"

புதன்

ஆஸ்பத்திரி. காத்தாடி ஓடவில்லை. முன்னால் இருந்த ஆள் சிவகாசி பஸ் நேரத்தை மூன்று தடவை கேட்டான்.

டாக்டரம்மா: "குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருந்துச்சா? இருந்தா எல்லாருக்கும் வந்துரும்னு இல்ல. ஆனா எனக்குத் தெரியணும்."

வாய் பழக்கத்தில் ஓடியது. "இவ அம்மாவுக்கு மட்டும்தான். அதுவும் வெடிச் சத்தத்துல பயந்து..."

முத்துச்செல்வி என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"மாமா, வெடிச்சப்ப நான் பொறக்கவே இல்லையே. எனக்கு எப்படி மாமா கேக்குது?"

டாக்டரம்மா பேனாவைப் பிடித்தபடி என்னையே பார்த்தார். அப்பாவிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன்.

மாத்திரை இரண்டு விதம். சாத்தூர் மாப்பிள்ளை வீட்டுக்கு இன்னும் போன் பண்ணவில்லை.