வெட்டாத காட்டுக்கு வாங்கிய புகையோலை

மழை தவறாத முகில்மலையின் தலைவர் அழிசி வேள் அவர்களுக்கும், அவர்தம் குடிகளுக்கும், சுனைகளுக்கும், தேனடைகளுக்கும் நலம் பெருகுக. நெய்தலூர் அரியணையில் இருக்கும் சேந்தன் வரையும் ஓலை. ‘வானைத் துடைத்த வேந்தன்’ என்று புலவர்கள் சூட்டிய பட்டத்தை இதில் எழுதக் கை கூசுகிறது, ஆகவே விட்டுவிட்டோம்.

எம் நகரத்து இரும்புலைகளின் புகை பெருகியபோது, உலைகளைக் குறைக்க மனமில்லாத யாம் ஒரு விதி செய்தோம். வெட்டப்படவிருக்கும் காட்டைப் பொன் கொடுத்துக் காத்தால், அக்காடு உண்ணும் புகையளவுக்கு எம் உலைகள் எரியலாம் என்பதே அவ்விதி. அதன்படி தங்கள் தென்சரிவுக் காட்டுக்குப் பொன் தந்து, அவ்வளவு புகைவிட உரிமை தரும் புகையோலைகள் பெற்று, வேலியும் காவலும் வைத்தோம். அக்காட்டை வெட்டும் எண்ணம் உண்டோ என்று எம் தூதர் முன்னம் வினவியபோது தாங்கள் விடை கூறவில்லை. இறந்தோர் துயிலும் இடத்தைப் பற்றி அயலாரிடம் பேசலாகாது என்பது தங்கள் மலை வழக்கம். தூதரோ அந்த மௌனத்தை ‘வெட்டுவர்’ என்று எழுதிக்கொண்டார். அது எமக்கு வசதியாக இருந்தது. மறுமுறை கேட்டு வரச் சொல்லவில்லை.

நாற்பது உலைகள் எழுபதாயின. உப்பளங்களில் உப்பு சாம்பல் நிறமாக விளைந்தது. யாமோ வானைக் காத்துவிட்டதாக விழா எடுத்தோம்.

சென்ற திங்களில் தங்கள் குடியைச் சேர்ந்த சாத்தி என்னும் பெண் எம் அவைக்கு வந்தார். இறந்த கணவரை அக்காட்டில் புதைத்துக் கன்று நடச் சென்றபோது எம் காவலர் மூன்று நாள் வேலியருகே நிறுத்தித் திருப்பியனுப்பியதாகவும், ஆற்றங்கரையில் புதைத்த உடலை வெள்ளம் கொண்டுபோனதாகவும் உரைத்தார். இறந்தவருக்கு ஒரு மரமாக வளர்ந்த காட்டில் எவர் கோடரி வைப்பார் என்றும் வினவினார்.

ஆதலின் ஆணையிடுகிறோம். இவ்வோலை சேரும் நாளிலேயே காவலர் வேலியைப் பிரித்து மலையிறங்குக. பொன் தங்களிடமே இருக்க. புகையோலைகள் யாவும் செல்லாதவை ஆகுக. புதிய முப்பது உலைகளும் இன்று அணைந்தன; ஏனையவை ஆண்டுக்குப் பத்தாக அணையும். இதனை மாற்ற எமக்குப் பின் வருவோர்க்கும் உரிமையில்லை. சங்கு இலச்சினை இட்டோம்.

இலச்சினைக்குக் கீழே எம் கையால் எழுதுவது: என்ன தந்தால் ஈடாகும் என்று சாத்தி அம்மையாரிடம் கேட்டோம். அப்படிக் கேட்கும் பழக்கத்தை முதலில் விடுமாறு கூறி, அவர் மலையேறிவிட்டார்.