வெள்ளைப் பூ வந்த பிறகு

19 ஜனவரி 2025, ஞாயிறு

கல்லாவிக்குப் போய் வந்தேன். அம்மன் கோயிலில் பூ கேட்டாயிற்று. எனக்கும் சுரேந்தர் மாமாவுக்கும் – அம்மாவின் கடைசித் தம்பி – கல்யாணம் செய்யலாமா என்று. ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு. சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். எடுத்தது அக்கா சரிதாவின் மகள் செல்வி. வெள்ளை வந்தது, சாமிக்குச் சம்மதம். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும்தான். பொய் எதற்கு, பாவாடை சட்டைக் காலத்திலிருந்தே எனக்கு மாமாவைப் பிடிக்கும்.

பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. பொட்டலத்தை எடுத்த அந்தக் கையில் போன வாரம் டிரிப்ஸ் ஏற்றிய ஊசியின் காயம் இன்னும் ஆறவில்லை. செல்விக்கு சிக்கிள் செல் நோய். ரத்த அணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்து ரத்தக் குழாயில் அடைத்துக்கொள்ளும். வலி வந்தால் ஒன்பது வயசுப் பிள்ளை கத்துவதைக் காதால் கேட்க முடியாது. அக்கா கட்டிக்கொண்டதும் தாய்மாமனைத்தான், அம்மாவின் பெரிய தம்பியை.

அப்படியானால் நான்?

2 பிப்ரவரி, ஞாயிறு

கிருஷ்ணகிரியில் மாதக் கூட்டம். இந்த நோய் உள்ள பிள்ளைகளின் குடும்பங்களுக்காக ஒரு தொண்டு அமைப்பு நடத்துகிறது. அக்காவுக்குத் துணையாகப் போய்க் கடைசி வரிசையில் போன் பார்த்துக்கொண்டிருப்பேன். இன்று முன்வரிசை.

நர்ஸ் காளியம்மாள் சிஸ்டர் எப்போதும் சொல்வதைச் சொன்னார்: தண்ணீர் நிறையக் குடிக்க வையுங்கள், குளிரில் விடாதீர்கள், காய்ச்சல் என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பிறகு பலகையில் கட்டம் போட்டு, நோய் எப்படி வழிவழியாக வருகிறது என்று விளக்கினார். பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். எனக்கும் புரியவில்லை. முடிந்ததும் தனியாகப் போய்க் கேட்டேன்.

"நோய் இல்லாமலே அதை ரத்தத்துல சுமக்கலாம்மா. சுமக்கிற ரெண்டு பேர் கட்டிக்கிட்டாத்தான் பிள்ளைக்கு நோயா வர வாய்ப்பு."

பக்கத்து அறையில் ரத்தம் எடுத்தார்கள். கையை நீட்டினேன்.

13 பிப்ரவரி

நான் சுமக்கிறேன்.

16 பிப்ரவரி, ஞாயிறு

மாமா மத்திகிரிக்கு, வேலைக்காக நான் தங்கியிருக்கும் ரூமுக்கு வந்தார். தெரு முனை டீக்கடைக்குக் கூட்டிப் போய் விஷயத்தைச் சொன்னேன். நீயும் டெஸ்ட் எடு என்றேன். சிரித்தார்.

"எனக்கு என்னா கேடு புள்ள? பன்னெண்டு மணி நேரம் மெஷின்ல நிக்கிறேன். அதான் வெள்ளப் பூ வந்துடுச்சே."

அம்மா போனில் குதித்தாள். "ஆம்பளயப் போயி ரத்தம் குடுன்னு கேக்குறியே, வெளிய தெரிஞ்சா நம்ம வீட்டு வாசப்படி எவன் மிதிப்பான்?"

கோபம் கோபமாக வருகிறது. செல்வி ஆஸ்பத்திரிக் கட்டிலில் துடித்தபோது இவர்கள் எல்லோரும் அங்கேதானே நின்றார்கள்? டெஸ்ட் எடுக்காமல் தாலிக்குக் கழுத்தை நீட்ட மாட்டேன். தலைகீழாக நின்றாலும் மாட்டேன்.

26 பிப்ரவரி

கம்பெனி லைனில் சர்க்யூட் போர்டு அடுக்கிக்கொண்டிருக்கும்போது தோன்றியது. பூவை நம்புகிறவர்களிடம் கட்டம் போட்டுக் காட்டி என்ன பயன்?

2 மார்ச், ஞாயிறு

கல்லாவி. எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்தேன். அக்கா கையில் ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு. பெரிய மாமா கையிலும் அப்படியே. "ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்பாகிட்டருந்து ஒரு பூ, அம்மாகிட்டருந்து ஒரு பூ. ஒரு சிவப்பு வந்தா என்னை மாதிரி, வெளிய ஒன்னும் தெரியாது. ரெண்டும் சிவப்பா வந்தாத்தான் நோய். அதுவும் ஒவ்வொரு பிரசவத்துக்கும் புதுசா எடுக்கிற பூ."

பிறகு சுரேந்தர் மாமாவைப் பார்த்தேன். "உன் கையில என்ன இருக்குன்னு சாமிக்குத் தெரியும். நமக்குத் தெரிய வேணாமா?"

செல்விதான் கேட்டாள்.

"என்னை மாதிரி பாப்பா பொறந்துடும்னு பயமா சித்தி?"

ஐயோ. இவள் இங்கே இருக்கிறாளே என்று ஏன் நினைக்காமல் போனேன்? மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். "உன்ன மாதிரி பொறந்தா சந்தோஷம்டி. உனக்கு வர்ற வலிதான் பயம்." அவள் யோசித்துவிட்டு, "எனக்கும்" என்றாள்.

மாமா எழுந்து வெளியே போய்விட்டார்.

12 மார்ச்

மாமா போனில் ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். அவரும்.

16 மார்ச், ஞாயிறு

இருவரும் காளியம்மாள் சிஸ்டரைப் பார்த்தோம். கட்டிக்காதீங்க என்று அவர் சொல்லவில்லை. கர்ப்பத்திலேயே பரிசோதிக்கலாம், யோசியுங்கள், முடிவு உங்களுடையது என்றார். வெளியே வந்ததும் மாமா, "நீ சொல்றதுதான்" என்றார். கர்ப்பத்தில் தெரிந்தபின் என்ன செய்வது என்று முடிவெடுக்க எனக்குத் தெம்பு இல்லை. ஒவ்வொரு தடவையும் பயந்து சாகவும் முடியாது.

வேண்டாம் மாமா என்றேன்.

பஸ் ஏற்றிவிட்டுப் போனார். சூளகிரி வரைக்கும் அழுதேன். பக்கத்து சீட்டு அம்மா தெலுங்கில் ஏதோ கேட்டு, தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

கூட்டத்தில் பூப் பாடம் இப்போது என் வேலை. மூன்று மாதமாக யாரும் கொட்டாவி விடவில்லை. செல்விதான் பூக்களைப் பொட்டலம் கட்டித் தருகிறாள்.

இன்று கடைசி வரிசையில் சுரேந்தர் மாமா. கூடவே சிங்காரப்பேட்டையிலிருந்து பரமசிவம் என்பவர், அவர் மனைவி, மகள். மாமாவுக்குப் பார்த்திருக்கும் பெண். அம்மா சொல்லியிருந்தாள், இங்கே வருவார்கள் என்று சொல்லவில்லை.

"ஜாதகத்தோட ரிப்போர்ட்டையும் குடுத்துட்டேன் சுஜா," என்றார் மாமா. "அவங்களுக்குப் புரியல. நீ சொன்னாப் புரியும்."

மாமா கையில் ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு வைத்தேன். எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். பொண்ணு ரெண்டு வெள்ளை என்றால் எந்தப் பிள்ளைக்கும் நோய் வராது என்பதையும்.

பரமசிவம் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அந்தப் பெண் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எழுந்து, "ரத்தம் எங்கக்கா குடுக்கணும்?" என்றாள்.

பக்கத்து அறைக்கு நான்தான் அவளைக் கூட்டிப் போனேன்.