பாதம் பார்க்க ஓர் ஆள்

மார்ச் 3

அன்புள்ள மனைவிக்கு,

நான் நலம். நீயும் உன் எலிகளும் நலமா?

கோபித்துக்கொண்டு ஆராய்ச்சிக்கூடத்துப் பக்கத்திலேயே வீடு பார்த்துக்கொண்டாய், சரி. கண்டுபிடித்த மருந்தைக்கூடக் கட்டிய கணவனிடம் சொல்லக் கூடாதா? பத்திரிகை பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். சோயாப் புரதத்தை உடைத்தால் வரும் துணுக்குகள் சர்க்கரைப் புண்ணை ஆற்றுமாமே!

என் வலது பாதத்தில் சின்னப் புண். வலியே இல்லை. சோயாவை அரைத்துப் பற்றுப் போட்டிருக்கிறேன். பேக்கரிப் பூனை என் காலை விட்டு நகர மாட்டேன் என்கிறது.

அன்புடன்,
உன் கேக் மாஸ்டர்

மார்ச் 7

அன்புள்ள உங்களுக்கு,

முதலில் காலைக் கழுவுங்கள்.

அந்தத் துணுக்குக்குப் பெப்டைடு என்று பெயர். அதைப் பிரித்தெடுக்க எங்களுக்கே மாதக்கணக்காகிறது. உங்கள் மிக்சியில் வராது. அதுவும் எலிக்குத்தான் ஆறியது. மனிதருக்கு இன்னும் கொடுத்தே பார்க்கவில்லை.

வலி இல்லை என்று பெருமை வேறா? அதுதான் ஆபத்து. சர்க்கரை நரம்பைக் கெடுத்திருக்கிறது. ருசி பார்ப்பதாகச் சொல்லிப் பாதிக் கேக்கைத் தின்னாதீர்கள் என்றுதானே வீட்டை விட்டுக் கிளம்பிய அன்றைக்குத் தொண்டை வறளக் கத்தினேன்?

இன்றே டாக்டரிடம் போங்கள்.

மனைவி

மார்ச் 12

அன்புள்ள மனைவிக்கு,

போனேன். டாக்டரம்மா புண்ணுக்குள்ளிருந்து ஒரு கண்ணாடிச் சில்லை எடுத்தார்.

“எப்ப மிதிச்சீங்க?”

“தெரியலீங்க.”

“மேல என்ன இது?”

“சோயாங்க.”

“உப்பு போட்டீங்களா?”

நர்ஸ் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். “இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா கால எடுத்திருக்கணும்” என்றார். சிரிப்பு நின்றுவிட்டது. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

இப்போது பேக்கரியில் ருசி பார்க்க வேறொருவர் இருக்கிறார். எனக்கு வாசனை மட்டும்தான்.

தினமும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டுமாம். குனிந்தால் தொப்பை மறைக்கிறது. தரையில் கண்ணாடி வைத்தேன். அதிலும் தொப்பைதான் தெரிகிறது.

“வீட்ல பாக்க ஆள் இல்லையா?” என்று டாக்டரம்மா கேட்டார். இருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். பொய்யா?

உன் கேக் மாஸ்டர்

மார்ச் 15

அன்புள்ள உங்களுக்கு,

பொய் இல்லை.

இங்கே தினமும் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு எலிகளின் புண்ணை அளக்கிறேன். அவை ஒருநாளும் என்னைப் பற்றி டாக்டரிடம் பேசியதில்லை.

வீட்டிலிருந்தே வேலைக்குப் போய்வருகிறேன் என்று மேலதிகாரியிடம் சொல்லிவிட்டேன். பயணம் நீளம்தான், ரயிலில் தூங்கிக்கொள்வேன். சனிக்கிழமை காலை வருகிறேன். மருந்து எதுவும் கொண்டுவரவில்லை. நான் மட்டும்தான் வருகிறேன்.

செருப்போடு வந்து கதவைத் திறங்கள். வெறுங்காலோடு நின்றால் அடுத்த ரயிலில் திரும்பிவிடுவேன்.

உங்கள் மனைவி