முயல் பெட்டியருகே வாசித்த மாலை

அன்று மாலை "பயப்படாதே" என்று உன்னிடம் நான் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. தெரிய வைத்தவள் நீதான்.

இன்று காலை அம்மா, மழையில் நனைந்த அரிசிக் கோணி ஒன்றைப் பின்சுவரில் விரித்துப் போட்டிருந்தாள். தீபாவளி நெருங்கிவிட்டது. பக்கத்துத் தெருவில் பையன்கள் வெடிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஈரச் சணலின் வாசனையும் வெடிமருந்துப் புகையும் சேர்ந்து வந்தபோது, கையிலிருந்த புத்தகத்தை மூடிவிட்டேன்.

ராயபுரத்தில் நம் ஒண்டுக்குடித்தன வீட்டில் எல்லோருக்கும் ஒரே முற்றம், ஒரே குழாய். குழாயடிச் சுவரோரம் உன் முயல் பெட்டி இருக்கும். கப்பல் சரக்கு வந்த பெட்டிகளின் பலகைகளை உன் அப்பா ஹார்பரிலிருந்து கொண்டுவந்து அடித்துக் கொடுத்தது. வெள்ளை முயல் ஆண், சாம்பல் முயல் பெண். மில் சங்கு ஊதினாலும், கூட்ஸ் வண்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டாலும் காதைக்கூடத் திருப்பாத முயல்கள். வெடிச் சத்தம் மட்டும் அவற்றுக்குப் பழகவில்லை. முந்தைய தீபாவளிக்குச் சாம்பல் முயல் மிரண்டு, பிறந்த குட்டிகளை எல்லாம் மிதித்துக் கொன்றுவிட்டது. பழந்துணியில் சுற்றி அவற்றை நீயே புதைத்தாய். யார் மேலும் கோபித்துக்கொள்ளவில்லை.

மறு வருஷமும் அதே சமயத்தில் அது சினையாகிவிட்டது. வயிற்று மயிரைப் பிடுங்கி வைக்கோலில் மெத்தை கட்டத் தொடங்கியிருந்தது. இனிப் பெட்டியை வீட்டுக்குள் நகர்த்தினால் கூட்டைக் கலைத்துவிடும் என்றாய். ஆகவே முயலும் முற்றத்தில்தான், வெடியும் முற்றத்தில்தான்.

எதிர்வீட்டுக்காரர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கொதிகலன் வேலை பார்த்தவர். யானை வெடி என்றால் அவருக்கு உயிர். நீ மாதா கோவிலுக்குப் போகிற வீட்டுப் பெண். நீ அவர் வாசலில் போய் நின்றதும், தன் பண்டிகையை நிறுத்தச் சொல்ல வந்திருக்கிறாய் என்றுதான் நினைத்தார்.

"இன்னாம்மா, மொசலுக்குக் காதுல பஞ்சு வச்சுட்டியா?" என்றார்.

"அதுக்குக் காது நீட்டு, நைனா. உன் தலகாணியைப் பிரிச்சாதான் பத்தும்."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சொல்லிவிட்டாய்: "உங்க பண்டிகைய நான் எதுக்கு நிறுத்தணும்? அந்த மூலையில கொளுத்து. கொளுத்துறதுக்கு முன்னால ஒரு கொரலு குடு. அவ்ளோதான்."

பிறகு எத்தனை வேலைகள். பெட்டி நிறைய வைக்கோலைத் திணித்தாய், முயல் புதைந்து ஒளிந்துகொள்ள. நடுவில் பலகை வைத்து ஆணைப் பிரித்தாய். ஆனால் இரண்டும் மோப்பம் பிடிக்க ஓர் இடுக்கு விட்டாய். மேற்புறத்திலும் பக்கங்களிலும் ஈரக் கோணி போர்த்தினாய். சத்தமும் மட்டுப்படும், பொறி விழுந்தாலும் பற்றாது. முகப்பில் பாதியை மட்டும் காற்றுக்குத் திறந்து வைத்தாய். தினமும் நான் அந்தப் பெட்டியருகே உட்கார்ந்துதான் படிப்பேன். தீபாவளியன்று வாய்விட்டுப் படிக்கச் சொன்னாய். "உன் புக்கைக் கேட்டா மனுஷனுக்கே தூக்கம் வருது, மொசலு எம்மாத்திரம்" என்றாய்.

இருட்டுவதற்கு முன்பே தெருவில் சரவெடி தொடங்கிவிட்டது. சாம்பல் முயல் பின்காலால் பலகையை அறைந்தது. நான் புத்தகத்தை வைத்துவிட்டு அதைத் தூக்கக் கை நீட்டினேன். நீ என் மணிக்கட்டைத் தடுத்தாய்.

"தூக்காத. பயத்துல உதறுச்சின்னா இடுப்பே ஒடிஞ்சிடும். பக்கத்துல குந்திக்க. நீ கீறேன்னு அதுக்குத் தெரிஞ்சாப் போதும். படிச்சிகினே இரு, நிறுத்தாத."

மூலையிலிருந்து எதிர்வீட்டுக்காரர் குரல் கொடுத்தார்: "வுடறேன்மா!"

"வுடு, நைனா" என்றாய். குரல் கணீரென்று இருந்தது. என் மணிக்கட்டில் இருந்த விரல்கள் மட்டும் நடுங்கின.

ரங்கூனில் குண்டு விழுந்தபோது நீ சின்னப் பெண் என்றும், அங்கிருந்து நடந்தே வந்தீர்கள் என்றும் உன் அப்பா ஒருமுறை என் அப்பாவிடம் சொல்லியிருந்தார். நீ ஒருபோதும் சொன்னதில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் எங்கள் வீட்டு அதிரசத்தைக் கேட்டு வாங்கித் தின்றாய். உன் பயத்துக்காக யாருடைய பண்டிகையும் ஒரு வெடிகூடக் குறையவில்லை. முயலுக்காகக் கேட்டாய், உனக்காக எதையும் கேட்கவில்லை.

வெடி வெடித்தது. முற்றமே அதிர்ந்தது. உன்னை அணைத்துக்கொள்ளத்தான் என் கை எழுந்தது. நீ சற்று முன்புதான் சொல்லியிருந்தாய், தூக்காதே என்று. அதனால் தோள் இடிக்க நெருங்கி உட்கார்ந்து, விட்ட வரியிலிருந்து வாசித்தேன். "வுடறேன்மா" என்று வரும், "வுடு, நைனா" என்பாய், நான் பக்கத்தைத் திருப்புவேன். எதைப் படித்தேன் என்று இன்று ஒரு வரியும் நினைவில்லை. கொஞ்ச நேரத்தில் பலகை அறைவது நின்றுவிட்டது. உன் விரல்களும் அடங்கிவிட்டன.

அதற்கப்புறம் எத்தனையோ படித்தேன். தைரியத்தைப் பற்றிப் பெரிய பெரிய சொற்களில் எழுதியிருக்கிறார்கள். எனக்கோ, நடுங்கும் விரல்களோடு கணீரென்று "வுடு" என்ற உன் குரல்தான் கேட்கிறது. பயந்தவர் யாரையாவது பார்த்தால் இப்போதும் நான் ஆறுதல் சொல்வதில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

மறுநாள் காலை வெடிக் காகிதங்களை முயல்கள் தின்றுவிடாதபடி கூட்டித் தள்ளிவிட்டு, கோணியை விலக்கினாய். மயிர் மெத்தைக்குள் ஐந்து குட்டிகள். ஐந்தும் பிழைத்தன.

கோடையில் உனக்கு டைபாய்டு வந்தது. அடுத்த தீபாவளிக்கு நீ இல்லை. எதிர்வீட்டுக்காரர் யானை வெடியோடு அதே மூலையில் குந்தி, பழக்கத்தில் "வுடறேன்மா" என்று குரல் கொடுத்தார். கொடுத்துவிட்டு, கொளுத்தாமல் அப்படியே இருந்தார். பெட்டியருகே வாசித்துக்கொண்டிருந்த நான் "வுடு, நைனா" என்றேன். அவர் பற்ற வைத்தார்.