பின்சுவரில் மாலதியின் பெரணி

வெள்ளி, இரவு.

மாலதி கோபித்துக்கொண்டு ஸ்ரீரங்கத்திலுள்ள தன் அண்ணன் வீட்டுக்குப் போன பிறகு, அவள் கொடைக்கானலிலிருந்து கொண்டுவந்த பெரணி பின்சுவர் முழுக்கப் பரவிவிட்டது. குழாயடி நிழலில் இலை நீண்டு தழைக்கிறது. வெயிலில் குட்டையாகத் தடித்து நிற்கிறது. திருச்சி வெயிலில் பிழைக்காது என்று தாவரவியல் வாத்தியாரான நான்தான் சொன்னேன்.

வீட்டுக்கு பெயின்ட் அடிக்க வந்த பெயின்டர் அதைப் பிடுங்கட்டுமா என்றார். மாலதிக்கு போன் செய்தேன்.

"பிடுங்கிடுங்க. துண்டு வேர் இருந்தாலும் மறுபடி வந்துடும்."

"ஒரு தொட்டியில அங்க கொண்டு வரட்டுமா?"

"ஐயோ வேணாம். அதுக்கும் சேத்து அண்ணிகிட்ட நான் பேச்சு வாங்கணுமா?"

வந்துவிடேன் என்று சொல்ல வாயெடுத்தேன். போனில் அவளுக்குப் பின்னாலிருந்து அவள் அண்ணன், "யாரு, அந்த வாத்தியாரா?" என்றான். எங்கள் கல்யாணத்தன்றே தொடங்கிய இளக்காரம் அது. வைத்துவிட்டேன்.

அந்தச் சுவருக்கு மட்டும் பெயின்ட் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.