பாலமலைக்கு நீங்கள் கட்டிய மூட்டை

நங்கையா,

இன்று விடியற்காலையில் பெட்டியிலிருந்து கம்பளியை எடுத்து உதறினேன். இரவு பெய்த தூறலில் காற்று ஈரமாக இருந்தது. அந்த ஈரம் பட்டதும் கம்பளியிலிருந்து ஆட்டுமுடி வாசம் எழுந்தது. ஒரு கணம் நீங்கள் என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறீர்கள் என்றே நினைத்துவிட்டேன்.

ஆலை விடுமுறை என்று என் வீட்டுக்காரர், தன்னோடு வேலை பார்ப்பவர்களுடன் பாலமலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "சித்திரை மாசத்துல கம்பளி எதுக்கு?" என்று சிரித்தார். நான் அதைப் பைக்குள் திணித்தேன். இப்போது பொழுது சாயப் போகிறது. மேற்கே மலை தெரியாதபடி மேகம் கட்டியிருக்கிறது. கை ஒரு வேலையிலும் நிற்கவில்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

அண்ணனும் இப்படித்தான் சிரித்தார். நீங்கள் அண்ணனைக் கட்டிக்கொண்டு, எனக்கு நங்கையாவாக எங்கள் தோட்டத்து வீட்டுக்கு வந்த மறு வருஷம், எனக்குக் கல்யாணம் ஆகாத காலம். மூன்று பேரும் பாலமலைக் கோயிலுக்குப் போய்விட்டுப் பொழுதோடு திரும்புவதாக ஏற்பாடு. கட்டுச்சோறு போதும் என்றார் அண்ணன். நீங்களோ தூக்குப்போசியில் தண்ணீர், கருப்பட்டி, மஞ்சள்தூள், பழைய வேட்டிக் கிழிசல், மெழுகுத்துணியில் சுற்றிய தீப்பெட்டி, கிணற்றுக் கயிறு என்று எடுத்து வைத்துக்கொண்டே இருந்தீர்கள். கடைசியில் இந்தக் கம்பளி.

"ஏம்மா, சாமி கும்பிடப் போறமா, குடி போறமா?" என்றார்.

"இருக்கட்டுங்க. நானே தூக்கிக்கறனுங்க."

அதோடும் விடவில்லை. வேலியோரம் போய்ப் பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம், "ஏனுங்க மாமா, பாலமலைக்குப் போறமுங்க. பொழுது எறங்கியும் வண்டி வரலீன்னா ஆளு அனுப்பி உடுங்க" என்று சொன்னீர்கள். அண்ணனுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. எனக்கும் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. உங்கள் தம்பி விறகுக்குக் காட்டுக்குள் போய்த் திரும்பாமலே போனதை நீங்கள் அப்போது எங்களிடம் சொல்லியிருக்கவில்லை.

கும்பிட்டு முடித்துச் சாப்பிட்ட பிறகு, கோயிலுக்கு மேலே காட்டில் ஒரு சுனை இருக்கிறது, பார்த்துவிட்டு வரலாம் என்றார் அண்ணன். நீங்கள் வானத்தைப் பார்த்தீர்கள்.

"வேண்டாமுங்க. இருட்டிக்கிட்டு வருது. எறங்கிரலாமுங்க."

"நீங்க ரெண்டு பேரும் இங்கியே இருங்க. இதா வந்தர்றேன்."

அவர் முதுகு மரங்களுக்குள் மறைந்து கொஞ்ச நேரத்தில் இடி இறங்கியது. கோடை மழை. கல் விழுந்த மாதிரி அடித்தது. கோயில் மண்டபத்தில் எங்களைத் தவிர வேறு யாரும் இல்லை. நான் எழுந்து ஓடப் பார்த்தேன். நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது.

"ஓடாதீங்க அம்மணி. மின்னல் அடங்கட்டும். நாமளும் உழுந்துட்டா தேடறதுக்கு ஆளில்லீங்க."

அந்த நேரம் எவ்வளவு நீண்டது என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மழை தணிந்ததும் மூடுபனி இறங்கியது. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. நீங்கள் வேட்டிக் கிழிசலை நாராகக் கிழித்து, அவரைத் தேடிப் போகும் வழியில் செடிக்குச் செடி கட்டிக்கொண்டே வந்தீர்கள். நான் அழுதபடி "அண்ணா, அண்ணா" என்று ஓயாமல் கத்தினேன்.

"ஒருக்கா கூப்பிட்டுட்டு சும்மா இருங்க. அவரு பதில் சொன்னா நமக்குக் கேக்க வேண்டாமா?"

அப்படி நின்ற ஒரு இடத்தில்தான் கீழே பள்ளத்திலிருந்து முனகல் கேட்டது. ஓடைக்கரை சரிந்து அண்ணன் கீழே விழுந்து கிடந்தார். ஓடையில் செந்தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. நீங்கள் கயிற்றை மரத்தில் கட்டி, ஒரு தடவைக்கு இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுக் கீழே விட்டீர்கள். அவர் அதை அக்குளுக்குள் சுற்றிக்கொண்டு ஒற்றைக் காலால் உந்தினார். நாம் இருவரும் இழுத்தோம். என் உள்ளங்கைத் தோல் உரிந்தது. மேலே வந்த போது அவருக்குக் குளிரில் பல் அடித்துக்கொண்டது. கம்பளியைப் போர்த்தி, கருப்பட்டியை வாயில் வைத்து, வலது காலுக்கு இருபுறமும் குச்சி வைத்துக் கட்டினீர்கள்.

கிழிசல் கட்டிய செடிகளைத் தேடித் தேடிக் கோயிலுக்கு வந்து, அங்கிருந்து வண்டி நின்ற அடிவாரத்துக்கு அவரைத் தாங்கியபடி அடி அடியாக இறங்கினோம். இருட்டத் தொடங்கும்போது கீழே லாந்தர் வெளிச்சம் ஆடியது. மலையில் மழை கட்டியதைப் பார்த்து, பொழுது இறங்கும் முன்பே கிளம்பிவிட்ட பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஆட்களோடு வந்துகொண்டிருந்தார்.

வழியெல்லாம் உங்கள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. வீட்டில் அண்ணனைப் படுக்க வைத்த பிறகு சமையலறையில் உங்களைப் பார்த்தேன். சொம்பில் மொண்ட தண்ணீரை மறுபடி குடத்திலேயே கொட்டினீர்கள். "அவரு போயிட்டாருன்னே நெனச்சுட்டனுங்க அம்மணி. கை பாட்டுக்குத் துணி கட்டிக்கிட்டிருந்துச்சு" என்றீர்கள். அப்புறம்தான் உங்கள் தம்பியைப் பற்றிச் சொன்னீர்கள்.

அண்ணன் இன்றும் கொஞ்சம் சாய்ந்துதான் நடக்கிறார். அதன் பிறகு எங்கே கிளம்பினாலும் மூட்டையை அவரே தூக்கினார். போன மார்கழியில் உங்களைக் கொண்டுபோன காய்ச்சலுக்கு எதிராகக் கட்டி வைக்க நம்மில் யாரிடமும் ஒன்றும் இல்லை. தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அவர், "இவளுக்கு ஒண்ணும் செய்யத் தெரியலியே எனக்கு" என்று என்னிடம் சொன்னார்.

இதோ, வாசலில் செருப்புச் சத்தம்.

என் வீட்டுக்காரர்தான். நனையாமல் வந்திருக்கிறார். "மேல போகல. மேகம் எறங்குச்சு, பாதியிலயே திரும்பிட்டோம். கூட வந்தவங்களுக்குக் கோவம்தான்" என்றார். சொல்லிவிட்டுப் பையிலிருந்து கம்பளியை எடுத்து என் மடியில் வைத்தார்.

நங்கையா, கோழை என்று என்னை இந்த வீட்டில் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். இந்தப் பயம் உங்களுடையது. இதை யாருக்காகவும் நான் இறக்கி வைக்கப் போவதில்லை.